அம்மா கல் பொறுக்கிய அரிசி

அப்பாவின் ஸ்வெட்டருக்கு ஒரு வாசம் உண்டு. வாடப் போட்ட தேயிலைக் கொழுந்தின் பச்சை வாசமும், சூட்டிலிருந்து இறங்கிய தூளின் லேசான காந்தலும், அடியில் கொஞ்சம் மெஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசம், சாயங்காலம் அவர் கதவைத் தட்டுவதற்கு முன்பே படியேறி எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. "இது துணியில இல்ல, உங்கப்பா தோல்லயே இருக்குது" என்பாள் அம்மா. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், அந்த வாசம் வரவில்லை. அப்பா மட்டும் வந்தார்.

அப்பா ஒரு 'டீ மேக்கர்'. மலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். சமவெளியில் இருந்த என் சித்தப்பாவே அண்ணன் ஏதோ டீக்கடையில் நிற்கிறார் என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தார். தேயிலை பேக்டரியில் கொழுந்து வாடுவதிலிருந்து தூளாகி மூட்டை ஏறும்வரை எல்லாவற்றுக்கும் டீ மேக்கர்தான் பொறுப்பு. வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்துக்கொண்டு, கரண்டியால் எடுத்து, 'சர்ர்' என்று உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்ப வேண்டும். நாள் முழுக்க இதேதான். அதனால் வீட்டில் அப்பா டீயைத் தொடமாட்டார். காலையிலும் மாலையிலும் சுக்கு தட்டிப் போட்ட வெந்நீர்தான். கல்யாண வீடாக இருந்தாலும் சபைக் கூட்டமாக இருந்தாலும் டீ தம்ளரை நீட்டினால், "பேக்டரி வேலைய வெளிய செய்யறதில்லைங்க" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

பேக்டரி கோத்தகிரிப் பக்கம் இருந்தது. நாங்கள் குடியிருந்ததோ அருவங்காட்டுக்குக் கீழே ஒரு சரிவில், பேக்டரியின் பழைய முதலாளி எப்போதோ வாங்கிப்போட்டு அப்பாவுக்கு இருக்கக் கொடுத்த ஓட்டு வீட்டில். சுற்றிலும் வெடிமருந்து ஆலைக்காரர்கள். சங்கு ஊதினால் போவார்கள், சங்கு ஊதினால் வருவார்கள், வயதானால் பென்ஷன் வாங்குவார்கள். வேலை என்பது போய்விடக்கூடிய ஒரு பொருள் என்றே எங்கள் தெருவுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட தெருவில் குடியிருந்த அப்பாவைத்தான் அந்த ஐப்பசியில் பேக்டரியை விலைக்கு வாங்கிய புது முதலாளி கூப்பிட்டு, தன் ஊரிலிருந்து தன்னுடைய டீ மேக்கர் வந்துவிட்டார் என்றும், கிறிஸ்துமஸுக்குள் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்றும், நாற்காலியில் உட்காரச் சொல்லாமலே சொல்லி முடித்திருக்கிறார். அப்பா இதை வீட்டில் சொல்லவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்குச் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு, அதே பஸ்ஸில் ஏறி, மலையில் இருக்கிற ஒவ்வொரு பேக்டரி வாசலிலும் வேலை கேட்டுக்கொண்டு நின்றார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

வேறு ஒரு வீடாக இருந்தால் இது ஒரு வாரம் தெரியாமல் இருக்கலாம். எங்கள் வீட்டில் ஒரு நாள்கூடத் தாண்டியிருக்கக் கூடாது. ஏனென்றால் என் அம்மா புஷ்பத்துக்கு சந்தேகம் ஒரு வரம். சிலருக்குப் பாடும் வரம், சிலருக்குப் பிரசங்க வரம் என்று ஆயர் சொல்லும்போதெல்லாம் அப்பா என் காதருகே குனிந்து, "உங்கம்மாளுக்கு என்ன வரம்னு ஆயருக்கு இன்னும் தெரியல" என்பார். பால் வாங்கினால் விரலை விட்டுப் பார்ப்பாள். கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பாள். கேரட்காரர் நிறுக்கும்போது குனிந்து தராசுத் தட்டின் அடியைப் பார்ப்பாள். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால், அவர்கள் போன பிறகு, "இவங்களுக்கு நம்மகிட்ட என்னமோ ஆகோணும்" என்பாள். "நம்பி மோசம் போறதுக்கு, சந்தேகப்பட்டுட்டு மன்னிப்புக் கேட்டுக்கலாம்" என்பது அவளுடைய சித்தாந்தம். ஆனால் அதுவரை அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஸ்வெட்டரில் அன்றன்று ஏறிவரும் வாசம் இல்லை என்று நான்தான் அம்மாவிடம் சொன்னேன். டீசல் புகையும் நனைந்த குடையின் துணி வாசமும்தான் மேலே நின்றன. அம்மா வெங்காயம் அரிந்துகொண்டே, "மழையில கொழுந்து கம்மி, மெஷின் ஓடியிருக்காது" என்றாள். மழையில் கொழுந்து குறையாது என்பது பேக்டரிக்காரர் மகளான எனக்கே தெரியும். அம்மாவுக்குத் தெரியாதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆயர் 'ஜெபக் குறிப்பு' வாசித்தார். ஆபரேஷன்காரர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் எல்லாம் முடிந்த பிறகு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நம்ம சபையில ஒரு சகோதரருக்குத் திடீர்னு வேலை போயிருச்சு. வீட்ல இன்னும் சொல்ல முடியாம தவிக்கிறார். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்கார். அந்தக் குடும்பத்துக்காகப் பாரத்தோட ஜெபிப்போம்" என்றார். கண்ணை மூடச் சொன்ன அந்த ஜெபத்தில் பாதிக் கண்கள் திறந்திருந்தன. எங்கள் கோவிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இந்தப் பக்கத்தில் இருந்த ஒவ்வொரு பெண்ணும் முதலில் அந்தப் பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். எங்கம்மா மட்டும் மற்ற எல்லாருடைய வீட்டுக்காரரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாரும் யாரையும் சும்மா பார்க்கவில்லை. யார் வீட்டில் மீன் வாங்குவது நின்றது, யார் வீட்டுப் பிள்ளைக்குக் குளிருக்குப் புது ஸ்வெட்டர் வரவில்லை, யார் ஜெபத்தின்போது மூக்கை உறிஞ்சினார்கள் என்று எல்லாமே சாட்சியானது. லீவு போட்டு வீட்டில் இருந்த ஓர் ஆலைக்காரர், தன் வேலை பத்திரமாக இருக்கிறது என்று நிரூபிப்பதற்காகவே காய்ச்சலோடு சட்டை மாட்டிக்கொண்டு சங்குக்கு ஓடினார். நானும் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளைகளின் டிபன் டப்பாவை எட்டிப் பார்த்தேன். முட்டை இருந்தால் அந்தக் குடும்பம் இல்லை என்று எனக்கு ஒரு கணக்கு.

அம்மாவின் சந்தேகம் ஆல்பர்ட் அண்ணன் மேல் போய் நின்றது. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். வேன் சில நாட்களாக வாசலிலேயே நின்றது. அவர் மனைவி எஸ்தர் அக்கா வழக்கத்துக்கு மாறாக யாரிடமும் அதிகம் பேசவில்லை. "இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள் அம்மா. சாப்பிடும்போது அப்பாவிடமும் அதே பேச்சுதான்.

"அந்த ஆளு என்ன மனுசனுங்க? கட்டுனவகிட்டச் சொல்லாம ஆயர்கிட்டப் போயிச் சொல்லியிருக்கறான்."

"பயமா இருந்திருக்கும், புஷ்பம்."

"யாருக்குப் பயந்து?"

"பொண்டாட்டிக்குத்தான். எனக்குத் தெரியாதா?" என்று அப்பா சிரித்தார்.

"அவளையும் சொல்லோணுமுங்க. ராத்திரி பகலாக் கூடவே இருந்துட்டு ஒண்ணும் தெரியாம இருக்கறாளே, அவளெல்லாம் என்ன பொம்பள!"

அப்பாவுக்குப் புரையேறியது. அம்மா தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

இதற்கிடையில் அரிசி சேர ஆரம்பித்தது. எங்கள் சபைப் பெண்களிடம் 'கைப்பிடி அரிசி' என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும், அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, கண்ணை மூடி ஒரு வார்த்தை ஜெபித்து, தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும். மாதம் பிறந்தால் பெண்கள் சங்கத்துக்கு எல்லா வீட்டு டப்பாவும் வந்து சேரும். சபையில் யாருக்காவது தட்டுப்பாடு என்றால் அந்த அரிசி அவர்களுக்குப் போகும். அரிசி சேர்க்கிற பொறுப்பு அம்மாவுடையது, ஏனென்றால் அவளை ஏமாற்றி யாரும் புழுத்த அரிசியைப் போட்டுவிட முடியாது. அந்த மாதம் அவள் வீடு வீடாகப் போய், "ஒரு கைப்பிடி பத்தாதுங்க, ரெண்டாப் போடுங்க, பாவம் அந்தக் குடும்பம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். எங்கள் வீட்டிலும் இரண்டு கைப்பிடிதான். எங்கள் தட்டில் சோறு கொஞ்சம் குறைந்தது. அப்பா ரசத்தை அதிகமாக ஊற்றிக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் காலையில் அப்பா, "புஷ்பம், ஒரு வாய் டீ போட்டுக் குடு" என்றார்.

அம்மாவின் கை கரண்டியோடு நின்றுவிட்டது. கல்யாணமானதிலிருந்து அவர் வீட்டில் டீ கேட்டதே இல்லை. இப்போது பிடித்துவிடுவாள் என்று நான் அப்பாவைப் பார்த்தேன். எதைப் பிடிப்பாள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அப்பாவிடம் பிடிபட ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்திருந்தது. அம்மா அப்பாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். "சளி இறங்கி நாக்கு மரத்துப்போச்சு. அதான் டீ கேக்குது" என்று முடிவு செய்து, பெரிய குண்டானில் வெந்நீர் வைத்து, யூக்கலிப்டஸ் தைலத்தை ஊற்றி, இல்லாத சளிக்கு அவரைக் கம்பளிக்குள் உட்கார வைத்து ஆவி பிடிக்கச் செய்தாள். அப்பா மறுக்காமல் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தார். வெளியே வந்தபோது கண் இரண்டும் சிவந்து, முகமெல்லாம் நனைந்திருந்தது. "தைலம்னா தைலம், எப்படிப் புடிச்சுருக்குது பாருங்க" என்று அம்மா பெருமைப்பட்டாள். கம்பளிக்குள் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்திருந்தேன். தைலத்துக்குத் தோள் குலுங்காது.

மாதம் பிறந்தது. எங்கள் கூடத்தில் பழைய சேலையை விரித்து, எல்லா வீட்டு அரிசியையும் அம்மா அதன்மேல் கொட்டினாள். புழுங்கலும் பச்சையும், வெள்ளைப் பொன்னியும் பழுப்பு ரேஷனும் கலந்து கிடந்தன. வழக்கமாக அதை அப்படியே மூட்டை கட்டிவிடுவார்கள். அம்மா விடவில்லை. "வேலையில்லாத ஊட்டுல சாப்பிட உக்காரும்போது கல்லு கடிபடக் கூடாது" என்று சொல்லி, முறத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப் போட்டு, குனிந்த தலை நிமிராமல் கல் பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன். நடுநடுவே அவள் வாய்விட்டே ஜெபித்தாள்: "ஆண்டவரே, அந்த மனுசன் வாயத் தொறந்து அவன் பொண்டாட்டிகிட்டச் சொல்லட்டும். அந்தப் புள்ளைக்குத் தாங்கற பெலத்தக் குடுங்க." வாசற்படியில் டீ தம்ளரோடு உட்கார்ந்திருந்த அப்பா தலையைத் திருப்பவே இல்லை.

அடுத்த ஞாயிறு கோவில் முடிந்து வந்ததும் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். ஆயர் கேட்டும் மூட்டையை அவரிடம் கொடுக்காமல் வைத்திருந்தாள். அப்பா படியில் இருந்தார்.

"நான் எஸ்தர் ஊட்டுக்குப் போயிட்டு வாரேனுங்க."

"எதுக்கு?"

"இதக் குடுத்துட்டு, விசயத்த அவகிட்டச் சொல்லிப்போட்டு வாரேன். ஆயரும் சொல்ல மாட்டீங்கறாரு, அந்த ஆளும் சொல்ல மாட்டீங்கறான். எத்தன நாளைக்குத்தான் அவ என்ன ஏதுன்னு தெரியாம உள்ளுக்குள்ளயே மருகிக்கிட்டு இருப்பா? எனக்கே பொறுக்கலைங்க."

அவள் படியிறங்கிக் கேட்டில் கை வைத்தாள். அப்பா எழுந்தார். தம்ளர் சரிந்து டீ படியில் ஓடியது.

"புஷ்பம், அந்த மூட்டையக் கீழ வை."

"ஏனுங்க?"

"அது போக வேண்டிய ஊட்டுலதான் இருக்குது."

அம்மா மூட்டையைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் கண்டுபிடிப்பவளுக்கு இது புரிய அவ்வளவு நேரம் ஆனது. பிறகு மூட்டையோடு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"எப்ப இருந்து?"

"மழை புடிச்சதுல இருந்து."

"ஊடு?"

"கிறிஸ்துமசுக்குள்ள."

மழை விட்டிருந்தது. எதிர்ச் சரிவில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. அம்மா கத்துவாள் என்று நான் நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்: "ஊர்ல இருக்கற அத்தன பேரையும் சந்தேகப்பட்டேன். உங்க ஒருத்தரத்தாங்க விட்டு வெச்சிருந்தேன்."

அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அதுக்குத்தான் பயந்தேன் புஷ்பம். வேலை போச்சு, ஊடு போச்சு, அதுவும் போயிருமேன்னு" என்றார். அப்போதுதான் அம்மா அழுதாள். நானும் அழுதேன். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தைலம் ஏதாவது போடட்டுமா?" என்றார். அழுகையோடு அழுகையாக அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க வைத்ததற்காக அவர் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

அன்று மத்தியானம் அந்த அரிசிதான் உலையில் போனது. போடுவதற்கு முன்னால் அம்மா பழக்கம் மாறாமல் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து டப்பாவில் போட்டாள். "நமக்கு வந்த அரிசியில நாமளே கைப்பிடி போடறதா?" என்று அப்பா கேட்டார். "நமக்கடுத்து ஒரு ஊடு இருக்குமல்ல" என்றாள். பல வீட்டு அரிசி ஒன்றுபோல வேகாது. பாதி குழைந்து, பாதி விறைத்து நின்றது. அப்பா கஞ்சியைக் கரண்டியில் எடுத்து, பேக்டரியில் செய்வதைப்போலவே 'சர்ர்' என்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு, "பிரைட்டா இருக்குது, ஆனா பாடி பத்தல, திடம் இல்ல. இதுல ஆயர் வீட்டுப் பொன்னி கொஞ்சம், ரேஷன் நிறைய" என்றார். ஒரு கல்கூடக் கடிபடவில்லை. சாப்பிட்டு முடித்து எழும்போது அம்மா, "இனிமே எது போனாலும் மொதல்ல எங்கிட்டத்தான் சொல்லோணும்" என்றாள். "சொல்லறேன்" என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறு ஜெபக் குறிப்பு வாசிக்கும்போது அம்மாவே எழுந்து நின்று, "அந்தக் குடும்பம் நாங்கதானுங்க. இனிமேல் பேர் சொல்லியே ஜெபிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அத்தனை வாரமும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பிரசங்கம் செய்ய முடியாமல் சுவரைப் பார்த்துச் செய்ததாக ஆயர் பிறகு அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். கோவில் வாசலில் அம்மா எஸ்தர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மன்னிப்புக் கேட்டாள்.

"எதுக்குங்கக்கா மன்னிப்பு? வேன்ல கியர் பாக்ஸ் போயிருச்சு, அவ்வளவுதான்" என்றார் எஸ்தர் அக்கா. "நான் மொத வாரமே உங்க ஊட்டுக்காரரத்தான் சந்தேகப்பட்டேன். சபைக் கூட்டத்துல டீ வாங்கிக் குடிச்சாரே! உங்களுக்கு எப்பிடிச் சொல்றதுன்னுதான் உங்ககூடப் பேசாமயே இருந்தேன்." தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது என்பது அப்புறம் ஒவ்வொன்றாக வெளிவந்தது. இரண்டு கைப்பிடி போடுங்கள் என்று அம்மா வாசலில் நின்று கேட்டபோது அவர்கள் எந்த முகத்தோடு போட்டார்கள் என்று நினைத்துப் பார்த்து அவள் வெகுநாள் வெட்கப்பட்டாள்.

கூடலூர்ப் பக்கம் ஒரு சின்ன பேக்டரியில், டீ மேக்கருக்கு உதவியாளாக, அப்பாவுக்கு வேலை கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே ஆல்பர்ட் அண்ணனின் வேனில் சாமான் ஏற்றிப் போனோம். அங்கே பாதிப் பேச்சு மலையாளத்தில் நடந்ததால் எல்லாரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அம்மா கொஞ்ச நாள் சந்தேகப்பட்டாள். சாயங்காலம் அப்பா வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, ஸ்வெட்டரை இழுத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் இந்தக் குடும்பத்தில் இப்படி ஒரு பாசமா என்று வியப்பார்கள். அப்பாவும் கையை விரித்துக்கொண்டு, போலீஸ் சோதனைக்கு நிற்பதுபோல நிற்பார். கடைசிவரை அவர் வீட்டில் சுக்கு வெந்நீர்தான் குடித்தார்.

இப்போது நானும் அம்மாவும் குன்னூரில் இருக்கிறோம். அருவங்காட்டுக்குக் கீழே நாங்கள் இருந்த ஓட்டு வீட்டின் இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்கான காட்டேஜ் நிற்கிறது. ஜெபக் குறிப்பு வாட்ஸ்அப்பில், பெயரும் போட்டோவுமாக வருகிறது. கோவில் வாசலில் போனை நீட்டிக் காணிக்கை செலுத்தும்படி ஓர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். கைப்பிடி அரிசி கேட்டு யாரும் வருவதில்லை. அம்மா மட்டும் தினமும் ஒரு கைப்பிடி எடுத்து டப்பாவில் போடுகிறாள். நிறைந்ததும் அவளாகவே ஒரு வீட்டைச் சந்தேகப்பட்டு, கல் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறாள். பெரும்பாலும் அவள் சந்தேகம் சரியாகத்தான் இருக்கிறது.

அப்பா சில வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம், சுக்கு வெந்நீர் கேட்டுவிட்டு, அது கொதிப்பதற்குள் போய்விட்டார். அம்மா தம்ளரோடு வந்து, அவர் தூங்குகிறார் என்று நினைத்து, ஆறிவிடும் என்று இரண்டு முறை எழுப்பினாள்.

போன வாரம் மழை விட்டு வெயில் அடித்ததால் கம்பளித் துணிகளை வெளியே காயப்போட்டோம். அப்பாவின் ஸ்வெட்டரும் அதில் இருந்தது. அம்மா அதைக் கையில் எடுத்து, பழைய பழக்கத்தில் முகத்தோடு வைத்து மோந்தாள். எத்தனை சோப்புக்கும் போகாமலிருந்த வாசம் போயிருந்தது. பால்காரரைப் பார்க்கிற அதே பார்வையோடு ஸ்வெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எது போனாலும் மொதல்ல எங்கிட்டச் சொல்லறேன்னாரே" என்றாள். "இத மட்டும் சொல்லாமப் போயிட்டாரு பாரு."

பிறகு, சரியாகப் பார்க்கவில்லையோ என்று, கைப் பக்கத்தை இன்னொரு தடவை மோந்து பார்த்தாள்.